சுட்டிக் காட்ட எதை வாங்குவது? பச்சை லேசரும் மற்ற நான்கும்

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தினர் விஞ்ஞானக் கழகத்துக்கென்று இவ்வாண்டு ஒரு தொகை தந்தபோது, வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் தரம் 10 பிள்ளைகள் முதலாவதாக எழுதியிருந்தது ஒரு பச்சை லேசர் சுட்டி. மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் மாதம் ஒரு தடவை நாம் நடத்தும் வான் பார்க்கும் மாலைகளில், ஆசிரியர் எந்த வெள்ளியைப் பற்றிப் பேசுகிறார் என்பது பின்னால் நிற்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை என்பது அவர்களுடைய குறை; அது நியாயமான குறைதான். பட்டியலைப் பார்த்த அதிபர், "எது நல்லது, எது ஆபத்து என்று ஒரு பக்கம் எழுதித் தாங்க சேர், அதைப் பார்த்துத்தான் கையொப்பம் வைப்பேன்" என்றார். ஒரு பக்கமாகத் தொடங்கிய அந்தக் குறிப்பு நீண்டு இந்தக் கட்டுரையானது.

ஒப்பிடுவதற்கு ஐந்து பொருட்களை எடுத்துக்கொண்டேன். சாவி போட்டுத் திறக்கும் பூட்டும் பெரிய லித்தியம் பற்றரியும் உள்ள பச்சை லேசர் ஒன்று. பேனா அளவில், ஒரு மில்லிவாற்றுக்கு மேற்படாத சிவப்பு லேசர் இன்னொன்று. லேசரே இல்லாமல், கணினித் திரையின் மேல் ஒளி வட்டமொன்றை நகர்த்தும் கம்பியில்லாச் சுட்டி மூன்றாவது. பிறகு வெறும் கம்பு. கடைசியாக, ஒடுங்கிய கற்றையுள்ள ரோச், அதாவது கைமின்விளக்கு. இவற்றால் ஆக வேண்டிய வேலையோ இரண்டே. வகுப்பறையில் திரையையும் படங்களையும் சுட்ட வேண்டும், கடற்கரையில் வானத்தைச் சுட்ட வேண்டும். ஒரே பொருள் இரண்டுக்கும் உதவ வேண்டும் என்று எண்ணுவதில்தான் தவறு தொடங்குகிறது என்பது என் கருத்து. இரவு வானத்தில் கற்றையாகவே தெரியக்கூடிய வலுவுள்ள ஒன்றை, நான்கு சுவருக்குள் நாற்பது பிள்ளைகளின் கண்களுக்கு முன்னால் ஆட்ட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

முதலாவது பொருள் காசு கொடுக்காமலேயே என் மேசை இழுப்பறைக்கு வந்து சேர்ந்திருந்தது. தரம் 8 மாணவன் ஒருவன் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி யன்னல்களில் பச்சைப் புள்ளியொன்றை ஓடவிட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது அதை அவனிடமிருந்து வாங்கி வைத்தேன்.

"எங்க வாங்கின நீ, மனே?"

"ஆடித் திருவிழாக் கடையில, சேர். அந்த ஆள் பலூன் வெடிக்கவச்சுக் காட்டினவர். நெருப்புக்குச்சியும் பத்துமாம், சேர்."

கறுப்பு உலோகக் குழாய். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம். முனையில், ஒரு கற்றையை நூறு புள்ளிகளாகச் சிதறடித்து நட்சத்திரக் கோலம் போடும் மூடி ஒன்று உண்டு. அதைத் திருகினால் கழன்றுவிடும், கழன்றதும் அந்த நூறு புள்ளிகளின் சக்தியும் ஒரே புள்ளியில் வந்து சேரும். அடியில் உள்ள சாவித் துவாரத்தைக் குண்டூசியாலும் திருப்பலாம் என்பதை அவனே எனக்குச் செய்து காட்டினான். குழாயில் ஒட்டியிருந்த மஞ்சள் ஒட்டியில் 5 மில்லிவாற்றுக்குக் குறைவு என்றும், அது வந்த பெட்டியில் 1000 மில்லிவாற்று என்றும் அச்சிட்டிருந்தார்கள். இரண்டும் மெய்யாக இருக்க வழியில்லை. இரண்டும் பொய்யாக இருக்க நிறைய வழியுண்டு.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். லேசர் கருவிகளைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60825 இலக்க நியமம் வகுப்புகளாகப் பிரிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொடர்ந்து வெளிவிடும் லேசர்களில், 1 மில்லிவாற்று வரையுள்ளவை இரண்டாம் வகுப்பு. 5 மில்லிவாற்று வரையுள்ளவை 3ஆர். அதற்கு மேல் 500 மில்லிவாற்று வரை 3பி. அதையும் தாண்டினால் நான்காம் வகுப்பு. இரண்டாம் வகுப்பின் எல்லையை 1 மில்லிவாற்றில் வைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடும் ஒளி பட்டவுடன் நாம் கண்ணை மூடவோ முகத்தைத் திருப்பவோ கால் செக்கன் அளவில் நேரம் எடுக்கிறது. இருளில் முழுமையாக விரிந்த, 7 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்மணிக்குள் அந்தக் கால் செக்கனில் புகும் 1 மில்லிவாற்று ஒளியை விழித்திரை தாங்கிக்கொள்ளும் என்பதே கணக்கு. ஆக, இரண்டாம் வகுப்பின் பாதுகாப்பு பாதி கருவியில் இருக்கிறது, மீதி இமையில் இருக்கிறது. வேண்டுமென்றே விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

லேசர் ஏன் மற்ற விளக்குகளைப் போல அல்ல என்று பெற்றோர் கேட்பதுண்டு. வீட்டில் எரியும் 9 வாற்றுக் குமிழைப் பார்த்து எவரும் குருடாவதில்லை, ஆயிரத்தில் ஒரு பங்கு வாற்றைப் பற்றி இவ்வளவு பேச்சா என்பது அவர்களது கேள்வி. குமிழின் ஒளி எல்லாத் திசையிலும் பரவிப் போகிறது. அதிலிருந்து கண்ணுக்குள் வருவது சொற்பம், வருவதும் விழித்திரையில் குமிழின் உருவமாக அகன்று விழுகிறது. லேசரின் கதிர்களோ கிட்டத்தட்டச் சமாந்தரமாக வருவதால், கண் வில்லை அவற்றை மயிரிழையிலும் மெல்லிய ஒரு புள்ளியில் குவித்துவிடுகிறது. கண்ணின் முன்புறத்தில் இருக்கும் செறிவு விழித்திரையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்காகிறது. நண்பகல் சூரியனை நேரே பார்க்கும்போது விழித்திரையில் விழும் செறிவைவிட, ஒரு மில்லிவாற்று லேசர் அங்கே ஏற்படுத்தும் செறிவு கூடுதலானது. அதிலும், நாம் எதையாவது உற்று நோக்கும்போது அதன் உருவம் விழுவது மஞ்சட் புள்ளியில். வாசிப்பதற்கும் முகம் அறிவதற்கும் நம்மிடம் இருக்கும் இடம் அது ஒன்றுதான். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் காயம் பட்ட பிள்ளை அழுதுகொண்டு வராது. சில வேளை பல நாட்கள் கழித்து, கரும்பலகையில் எழுத்தின் நடுப்பகுதி மட்டும் தெரியவில்லை என்று சொல்லும். கிரேக்கத்தில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பச்சை லேசர் சுட்டியைத் திரும்பத் திரும்ப உற்றுப் பார்த்ததில் ஒரு கண்ணின் மஞ்சட் புள்ளியில் துளை விழுந்ததை 2018 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ ஆய்விதழ் படத்துடன் வெளியிட்டது. அது ஆயுதசாலையிலிருந்து வந்த கருவியல்ல, விளையாட்டாகக் கையில் வைத்திருந்த சுட்டி.

ஒட்டியை நம்பலாமா என்ற கேள்விக்கு அளந்து பார்த்தவர்களின் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவகத்தினர் 122 லேசர் சுட்டிகளை வாங்கி அளந்து 2013 இல் முடிவை வெளியிட்டனர். பச்சைச் சுட்டிகளில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்புச் சுட்டிகளில் ஏறத்தாழ 44 சதவீதமும் அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கவில்லை. சட்டமும் சோதனையும் உள்ள சந்தையிலேயே இப்படியென்றால், திருவிழாக் கடைப் பலகையில் நீர்க்குமிழ்ப் போத்தலுக்கும் பிளாஸ்ரிக் வாளுக்கும் நடுவே கிடக்கும் சுட்டியின் ஒட்டியை எந்த அளவுக்கு நம்புவது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். லண்டனிலிருந்து மாமா கொண்டு வந்தது, சிட்னியிலிருந்து சித்தி அனுப்பியது என்ற சமாதானமும் செல்லாது. அங்கும் இணையத்தில் தருவித்ததாக அது இருக்கலாம்.

அளக்கும் கருவி எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை. ஆகவே, ஒரு மாலையில் எல்லோரும் போன பிறகு, உட்புறம் மங்கல் கறுப்புத் தாள் ஒட்டிய அட்டைப் பெட்டிக்குள் கறுப்பு பலூன் ஒன்றை வைத்து, பின்னால் நின்று, அந்தச் சுட்டியை ஒரு கணம் அழுத்திப் பார்த்தேன். பலூன் வெடித்தது. அந்தச் சோதனையை நான் செய்திருக்கக் கூடாது. அதற்குரிய அலைநீளத்தைத் தடுக்கும் காப்புக் கண்ணாடி என்னிடம் இருக்கவில்லை, வெறும் கறுப்புக் கண்ணாடி அதற்கு ஈடாகாது. ஆனாலும் அதிலிருந்து ஒன்று உறுதியானது: பலூனை வெடிக்கவைக்கும், நெருப்புக்குச்சியைப் பற்றவைக்கும் எந்தச் சுட்டியும் 5 மில்லிவாற்று அல்ல, அது குறைந்தபட்சம் 3பி. விற்பவர் பெருமையாகச் செய்து காட்டும் வித்தையே நமக்கு இலவசமாகக் கிடைக்கும் அளவீடு. அந்த வித்தையைக் கண்டால் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டியதுதான்.

பச்சைச் சுட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. மலிவான பச்சைச் சுட்டிகளில் பெரும்பாலானவற்றுள் இருப்பது நேரடியாகப் பச்சை ஒளி தரும் இருவாயி (டயோட்) அல்ல. 808 நனோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ் (இன்ஃப்ராரெட்) லேசர் இருவாயி ஒன்று, நியோடிமியம் கலந்த வனேடேற்றுப் பளிங்கொன்றைத் தூண்டுகிறது; அது 1064 நனோமீற்றரில் ஒளி விடுகிறது; அதை இன்னொரு பளிங்கு அரைவாசி அலைநீளமாக, அதாவது 532 நனோமீற்றர் பச்சையாக மாற்றுகிறது. மாற்றப்படாமல் எஞ்சும் செந்நிறக்கீழ்க் கதிரை நிறுத்த வெளிவாயிலில் ஒரு சிறு வடிகட்டி இருக்க வேண்டும். செலவு மிச்சம் பிடிக்கிறவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். மேலே சொன்ன அதே நிறுவகத்தினர் 2010 இல், பச்சை மங்கலாகவே தெரிந்த ஒரு மலிவுச் சுட்டியிலிருந்து 20 மில்லிவாற்று அளவில் செந்நிறக்கீழ்க் கதிர் வெளிவருவதைக் கண்டனர். அந்தக் கதிருக்கு இமை மூடாது, ஏனென்றால் கண் அதைக் காண்பதே இல்லை. பற்றரியைக் கழற்றிவிட்டு எங்கள் சுட்டியின் முனையைத் திருகித் திறந்து பார்த்தேன்: பித்தளைக் குழல், சுருள்வில்லு, கற்கண்டுத் துகள் போன்ற பளிங்கொன்றைப் பசையிட்டு ஒட்டிய தட்டு, பிளாஸ்ரிக் வில்லை. வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் துளை மட்டும் இருந்தது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். நமது கண் பகல் ஒளியில் 555 நனோமீற்றர் அளவிலான பச்சைக்கே அதிகம் கூர்மையானது. அதனால் ஒரே சக்தியுள்ள 532 நனோமீற்றர் பச்சை, 650 நனோமீற்றர் சிவப்பைவிட எட்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். இதே காரணத்தால் ஊதாச் சுட்டிதான் எல்லாவற்றிலும் ஏமாற்றுக்காரன்: 405 நனோமீற்றரில் அது மங்கலாகத் தெரிவதால் வலுவில்லாதது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள், இமையும் அப்படியே எண்ணிக்கொள்ளும். ஊதாவையும் நீலத்தையும் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

இனி, பச்சை லேசருக்காக மாணவர்கள் சொன்ன வாதத்துக்கு வருகிறேன். அதை ஒதுக்கிவிட முடியாது. இரவில் காற்று மூலக்கூறுகளிலும் தூசியிலும் சிதறும் பச்சைக் கற்றை வெகுதூரம் நீண்டு தெரிவதால், பத்து மீற்றர் தள்ளி நிற்பவருக்குக்கூட அது குறித்த வெள்ளியைத் தொட்டு நிற்பது போலவே தோன்றும். திருவாதிரை எது, ரோகிணி எது என்ற குழப்பம் ஒரு கணத்தில் தீர்ந்துவிடும். வான் காட்டுவதற்கு இதற்கு இணையான கருவி இல்லை. உலகெங்கும் வானியல் கழகங்கள் 5 மில்லிவாற்றுப் பச்சைச் சுட்டியைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கற்றை வெள்ளியில் முடிவதில்லை. ஒரு மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் என்ற அளவில் கற்றை விரிகிறது என்று கொண்டால், 5 மில்லிவாற்றுச் சுட்டி ஏறத்தாழ 16 மீற்றருக்குள் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது; 50 மில்லிவாற்றானால் அந்தத் தூரம் 50 மீற்றர், ஒரு வாற்றானால் 220 மீற்றருக்கும் மேல். இது காயத்தின் கணக்கு மட்டுமே. கண்கூசல் அதைவிட வெகுதூரம் போகும்: 5 மில்லிவாற்றுப் பச்சை 350 மீற்றர் வரை பார்வையை மறைக்கும் கூச்சத்தையும், மூன்றரைக் கிலோமீற்றர் வரை கவனச் சிதறலையும் தரவல்லது. நிலத்தில் நிற்பவர் விமானத்தைச் சிறு விளக்காகக் காண்கிறார், தன் கையிலிருப்பதைச் சிறு புள்ளியாக நினைக்கிறார். ஒரு கிலோமீற்றர் மேலே அந்தப் புள்ளி ஒரு மீற்றர் அகலமாகி, விமானியின் முன்கண்ணாடியில் உள்ள கீறல்களிலெல்லாம் சிதறி, கண்ணாடி முழுவதையும் பச்சைத் திரையாக்கிவிடும். அமெரிக்காவில் மட்டும் 2023 ஆம் ஆண்டில் விமானங்கள் மீது லேசர் அடித்ததாக 13,304 முறைப்பாடுகள் பதிவாயின. அங்கு 2012 இலிருந்து இது ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிரித்தானியா 2018 இல் வாகனங்கள் அனைத்தையும் உள்ளடக்கி அதே தண்டனையை வைத்தது. அவுஸ்திரேலியா 1 மில்லிவாற்றுக்கு மேற்பட்ட கையடக்கச் சுட்டிகளை அனுமதியின்றி இறக்குமதி செய்யவே விடுவதில்லை.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று கல்லடியில் நின்று சொல்ல முடியாது. மட்டக்களப்பு விமான நிலையம் 2018 இல் உள்நாட்டுச் சேவைக்காகத் திறக்கப்பட்டது. நாம் பாய் விரிக்கும் மணலிலிருந்து அது ஒரு சில கிலோமீற்றர் தூரம். விமானம் குறைவாகத்தான் வருகிறது என்பது ஆறுதல் அல்ல, குறைவாக வருவதனால்தான் நாம் எதிர்பாராமல் இருப்போம். விமானத்தை விட்டாலும், இரவில் கல்லடிப் பாலத்தில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கால் செக்கன் கண்கூசல் போதுமானது. வாவி நீரில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் கற்றை எந்தப் படகை நோக்கிப் போகும் என்பதும் சுட்டுபவரின் கையில் இல்லை.

இவ்வளவையும் தராசில் வைத்தபோது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது கருவியின் வலுவல்ல. 5 மில்லிவாற்று என்று அளந்து உறுதிசெய்யப்பட்ட ஒன்றை, பயிற்சி பெற்ற ஒரு பெரியவர், ஆண்டுக்குப் பத்து மாலைகளில் சில நிமிடங்கள் வானத்தை நோக்கிப் பிடிப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. நமக்குக் கிடைப்பது அளக்கப்படாதது. பாடசாலைச் சொத்தாகிவிட்டால் அது மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் ஒரு அலுமாரியில் கிடக்கும். அலுமாரியின் திறப்பு யார் யாரிடம் போய் வருகிறது என்பது ஒவ்வொரு ஆசிரியருக்கும் தெரியும்.

ஒரு மில்லிவாற்றுச் சிவப்புச் சுட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். புரொஜெக்டர் விழும் வெள்ளைத் திரையில் அது போதுமானது. பளபளப்பான பெரிய தொலைக்காட்சித் திரையிலோ, தொட்டு இயக்கும் ஸ்மார்ட் பலகையிலோ புள்ளி மங்கிப்போகும், கண்ணாடிப் பரப்பில் ஒரு பங்கு தெறித்து வகுப்பை நோக்கித் திரும்பும். எங்களிடம் இருப்பது இந்த இரண்டாவது வகைத் திரை. வானத்துக்கு இது அறவே உதவாது. இன்னொன்றையும் நான் மிகப் பிந்தியே கவனித்தேன். நிறப்பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளில் ஒரு சாராருக்குச் சிவப்பே மங்கலாகத்தான் தெரியும். "அந்தப் புள்ளியைப் பார்" என்று நாம் சொல்லும்போது தலையாட்டிவிட்டுப் பக்கத்திலிருப்பவனின் கொப்பியைப் பார்ப்பவர்கள் அவர்கள்.

கம்பியில்லாச் சுட்டிக்கு அந்தக் குறை இல்லை. கணினியில் செருகும் சிறு யூ.எஸ்.பி. வாங்கி ஒன்றும், கையில் பிடிக்கும் பொத்தான் குச்சி ஒன்றும் சேர்ந்தது அது. லேசர் இல்லாத வகையில் பொத்தானை அழுத்தினால் திரையிலுள்ள படத்தின் மேலேயே ஒளி வட்டம் தோன்றும், சுற்றியுள்ள பகுதி சற்று இருளும். விரும்பினால் அந்த இடத்தைப் பெருப்பித்துக் காட்டலாம். கண்ணுக்குத் தீங்கு செய்ய அதில் ஒன்றுமே இல்லை. விலை ஐந்திலும் கூடியது. வாங்கி நகக்கண் அளவுதான் என்பதால் தொலைவதற்கென்றே பிறந்தது போலிருக்கும். மென்பொருள் ஏற்றாத கணினியில் வெறும் மவுசாகச் சுருங்கிவிடும். கடைக்காரரிடம் கேட்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: இதே தோற்றத்தில், முனையில் சிவப்பு லேசர் பொருத்தியவையே சந்தையில் அதிகம், ஆகவே பெட்டியைத் திறந்து முனையைப் பார்த்து வாங்க வேண்டும்.

கம்புக்கு வக்காலத்து வேண்டியதில்லை. பிரம்பு என்றால் பிள்ளைகளுக்கு வேறு நினைவு வரும் என்பதால், வாவிக்கரையில் விற்கும் நீட்டி மடக்கும் தூண்டில் தடி ஒன்றை வாங்கி, நுனியிலுள்ள மெல்லிய பகுதியைக் கழற்றி, ஒரு சிவப்புத் தக்கையைச் செருகிவிட்டோம். இரண்டு மீற்றர் நீளும், மின்சாரம் நின்றாலும் வேலை செய்யும். உடற்கூற்றுப் படத்தைக் காட்ட இதைவிட வேறொன்றை நான் இப்போது தேடுவதில்லை.

ரோச்சைத்தான் நான் நம்பாமல் சோதித்தேன். மாசி மாதத்து மாலை, மாரி மழை ஓய்ந்து வானம் கழுவி விட்டது போலிருந்த நாள்; ஏழரை மணியளவில் கார்த்திகைக் கூட்டம் மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. முன்கண்ணாடியை இழுத்துக் கற்றையை ஒடுக்கக்கூடிய ரோச்சைக் கொண்டு போயிருந்தேன். கடற்காற்றில் உப்பீரம் இருந்ததால் கற்றை வெண்ணிறத் தடியாக எழுந்து தெரிந்தது, ஆனால் வலப்பக்கம் தள்ளி நின்ற பிள்ளைகள் "எது சேர், அந்தச் சிவத்ததா, கீழயா?" என்று கேட்டபடியே இருந்தார்கள். காரணம் விளங்கிற்று: ரோச்சின் கற்றை லேசரைப் போல வெகுதூரம் தெரியாது, குறுகிய தூரத்திலேயே மறைந்துவிடுகிறது, குட்டையான தடியின் நுனி ஒவ்வொரு கோணத்திலிருந்தும் வானத்தின் வேறொரு இடத்தில் பொருந்தித் தெரியும். ஆகவே எல்லோரையும் என் முதுகுக்குப் பின்னால் நெருக்கமாக, குட்டையானவர்கள் முன்னால் வர, இரண்டு வரிசையாக நிற்கவைத்து, ரோச்சைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தேன். கேள்வி நின்றது. வலை காயவைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் கிட்ட வந்து, "அது அறுமீனல்லவா தம்பி, அதுக்கு இவ்வளவு வெளிச்சம் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டு, கையை நீட்டி, விரல் மடக்கி, கடலில் அவர்கள் அதைப் பார்க்கும் விதத்தைக் காட்டினார்.

அவர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண் வெள்ளை ஒளி பட்டதும் அந்தப் பழக்கத்தை இழக்கிறது, முழுதும் மீள இருபது முப்பது நிமிடமாகும். ஆகவே ரோச்சை ஒரு வெள்ளிக்குச் சில செக்கன் மட்டும் காட்டி அணைத்துவிட வேண்டும், மணலில் அடிக்கவே கூடாது. பச்சை லேசரோடு ஒப்பிட்டால் இது குறைந்த கருவிதான். மங்கலான வெள்ளிகளைச் சுட்ட முடியாது, வடதிசையில் எட்டுப் பாகை உயரத்தில் புழுதிக்குள் கிடக்கும் துருவ நட்சத்திரத்தைச் சுட்டவே முடியாது. ஆனால் ஒரு பிள்ளை அதைப் பறித்து இன்னொரு பிள்ளையின் முகத்தில் அடித்தாலும், இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சண்டை பிடிப்பதோடு காரியம் முடிந்துவிடும்.

அம்பாறைப் பக்கத்தில் வயல் செய்யும் உறவினர் ஒருவர், யானைக்கும் கிளிக்கும் இந்தப் பச்சை லேசர் உதவுமா என்று கேட்டார். பறவைகளை விரட்டத் தானாக இயங்கும் லேசர்கள் சில நாடுகளில் வயல்களில் பொருத்தப்படுகின்றன என்பது உண்மை. பரணில் அரைத் தூக்கத்தில் இருப்பவர் கையில் பிடித்து ஆட்டுவது வேறு விஷயம். எதிர்ப் பரணில் இருப்பவரும் மனிதர்தான் என்று மட்டும் சொன்னேன். யானை வெடியையும் வேலியையும் பற்றிய விவாதத்துக்கு நான் தகுதியானவன் அல்ல.

அதிபருக்குக் கொடுத்த குறிப்பின் கடைசிப் பகுதி இதுதான். வகுப்பறைக்குக் கம்பியில்லாச் சுட்டி ஒன்றும் தூண்டில் தடி இரண்டும். கடற்கரைக்கு ரோச் ஒன்று. லேசர் எதுவும் பாடசாலைப் பணத்தில் வாங்குவதில்லை. வெளியிலிருந்து வானியல் தெரிந்த விருந்தினர் எவராவது தமது பச்சைச் சுட்டியோடு வந்தால், அது 5 மில்லிவாற்றுக்கு மேற்படாதது என்று அவரால் உறுதி கூற முடிந்தால் மட்டும் அனுமதிப்பது; சுட்டி அவர் கையைவிட்டு அகலக் கூடாது, பிள்ளைகள் அனைவரும் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும், மரமுகட்டுக்குக் கீழேயும் நீரை நோக்கியும் அடிக்கக் கூடாது, நகரும் விளக்கொன்று வானத்தில் தெரிந்தாலோ இரைச்சல் கேட்டாலோ விரலை எடுத்துவிட வேண்டும், முடிந்ததும் பற்றரியைக் கழற்ற வேண்டும். எவருக்காவது கண்ணில் பட்டுவிட்டால் கசக்கக் கூடாது. தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விழித்திரை வரை போகாது. சதுரக் கோட்டுத் தாளை எடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கோடுகள் வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிந்தால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும், எல்லாம் நேராகத் தெரிந்தாலும் மறுநாள் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

அதிபர் கையொப்பம் வைத்தார். மாணவர்களுக்கு ஏமாற்றம்தான், தரம் 10 பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இழுப்பறையிலிருந்த சுட்டியைப் பற்றிச் சொல்ல அந்தச் சிறுவனின் தகப்பனை அழைத்திருந்தேன். வந்தவரிடம் பலூன் கதையையும் வடிகட்டி இல்லாத துளையையும் காட்டியபோது அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, குழாயை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார். பற்றரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். இரவில் இறால் பிடிக்கப் போகும்போது தலையில் கட்டும் லைற்றுக்கு அது சரியாகப் பொருந்துமாம்.